கிளிசரின் சேர்த்தீர்களா? புரதத் தாள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜெலட்டின் தூளைக் கரைத்துத் தட்டில் ஊற்றி, பிளாஸ்டிக் மாதிரி தாள் செய்து பார்த்தேன். காய்ந்ததும் அப்பளமாக நொறுங்குகிறது. எங்கே தவறு? (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: கிளிசரின் சேர்த்திருக்க மாட்டீர்கள். ஜெலட்டின் என்பது மாடு, பன்றி போன்றவற்றின் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜனிலிருந்து எடுக்கிற புரதம். தச்சர்கள் காய்ச்சி ஒட்டிய வஜ்ஜிரமும் இதே சரக்குதான். தண்ணீர் வற்ற வற்ற இந்தப் புரத இழைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும், அப்போது வளைத்தால் நழுவ இடமில்லாமல் உடைந்துவிடும். கிளிசரின் இழைகளுக்கு நடுவே புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது, காற்றின் ஈரத்தையும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொள்கிறது.

10 கிராம் ஜெலட்டினை 100 மில்லி பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அப்புறம் 2.5 கிராம் கிளிசரின் விட்டு, 60 டிகிரி சூட்டில் கரையுங்கள். கொதிக்க விட வேண்டாம், இழைகள் அறுந்து தாள் வலுவிழக்கும். நுரையை எடுத்துவிட்டு, ஓர் அடி அகல பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி நிழலில் காயவையுங்கள். எவர்சில்வரில் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும், உரிப்பது பெரும்பாடு.

இன்னொன்று, நம் பக்கத்துப் பருவத்தையும் கணக்கில் வையுங்கள். பங்குனியில் எனக்கு அழகாக உரிந்து வந்த அதே அளவு, ஐப்பசி மழையில் மூன்று நாளாகியும் கையில் ஒட்டியது, ஓரத்தில் பூசணமே பூத்துவிட்டது. அடைமழைக் காலத்தில் கிளிசரினை 2 கிராமுக்குக் குறைத்து, மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள்.

கேள்வி: மீன் வெட்டும் இடத்தில் தோலும் செதிலும் கூடை கூடையாகக் குப்பைக்குப் போகிறது. அதில் தாள் செய்ய முடியுமா? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: தாராளமாக முடியும், எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மீன் தோலிலும் செதிலிலும் இருப்பது அதே கொலாஜன். குளிர்கடல் மீனின் ஜெலட்டின் எளிதில் உறையாது, நம் வெப்பக் கடல் மீனில் கிடைப்பது அதைவிட நன்றாக உறையும். முதலில் தோலோடு தொடங்குங்கள், செதிலில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பதால் அமிலத்தில் ஊறவைத்து அதை நீக்கும் வேலை கூடுதலாக உண்டு. தோலை உப்பும் கொழுப்பும் போகக் கழுவி, நீர்த்த வினிகரில் ஊறவைத்து, மறுபடி நன்றாக அலசி, 50, 60 டிகிரி வெந்நீரில் சில மணி நேரம் வைத்தால் ஜெலட்டின் தண்ணீரில் இறங்கும். வடிகட்டிச் சுண்டவைத்துக்கொள்ளுங்கள். கவிச்சி போக வேண்டுமென்றால் தோல் புதிதாக இருக்க வேண்டும், மத்தியானம் வரை வெயிலில் கிடந்ததை எடுக்காதீர்கள்.

கேள்வி: கடையில் கேரி பேக்குக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: கூடாது. நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, மாற்று தேடுகிறீர்கள் என்று புரிகிறது, ஆனால் ஈரக் கீரையையோ வெற்றிலையையோ இதில் வைத்தால் வீடு போய்ச் சேருமுன் தாள் ஊறிக் கிழிந்துவிடும். அதற்குத் துணிப்பை, வாழை இலை. இந்தத் தாள் ஆக்சிஜனை நன்றாகத் தடுக்கும், ஈரத்தைத் தடுக்காது. எனவே மசாலாத் தூள் மாதிரி உலர்ந்த பொருளைச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, ஈரம் படாத டப்பாவுக்குள் வைக்கத்தான் இது ஏற்றது. கடுக்காய்க் கஷாயம் கொஞ்சம் சேர்த்தால் அதன் துவர்ப்பு புரத இழைகளைப் பிணைத்து, தண்ணீரில் கரைவதைக் குறைக்கும், தாள் பழுப்பாகும். தோல் பதனிட ஆவாரம்பட்டை போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். கஷாயத்தை ஒரேயடியாக ஊற்றினால் கட்டி கட்டியாகத் திரிந்துவிடும், சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். பாலில் செய்ய வழி உண்டா? (வாசகி, மன்னார்குடி)

பதில்: உண்டு. பாலைத் திரித்தால் வரும் கட்டியில் பெரும்பகுதி கேசீன் என்ற பால் புரதம். 2016-ல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் கேசீனோடு பழங்களில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளைக் கலந்து, உணவோடு சேர்த்தே சாப்பிடக்கூடிய தாள் செய்து காட்டினார்கள். கட்டியைப் பிழிந்து அலசி, சமையல் சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரில் கரைத்து, அதே கணக்கில் கிளிசரின் சேருங்கள். ஒரு லிட்டர் பசும்பாலில் கேசீன் சுமார் 26 கிராம்தான், அதனால் நல்ல பாலைத் திரிக்காதீர்கள், தானாகத் திரிந்துபோனதை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்த தாளைச் சாப்பிட மட்டும் வேண்டாம்.