பிர்சாவும் நிலமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளியில், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் பிறந்தநாளுக்கு (நவம்பர் 15) என்னை அரைமணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தேடிப் படித்ததெல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது. வில்லேந்தினார், துப்பாக்கியிடம் தோற்றார், சிறையில் இறந்தார், மக்கள் கடவுளாக்கிவிட்டார்கள். ஆயுதப் போராட்டம் நடந்ததே சில வாரங்கள்தான். “அப்படி என்னதான் சாதித்தார்?” என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வது?

எஸ்., தருமபுரி

அன்புள்ள எஸ்.,

வில்லை விட்டுவிட்டு நிலத்திலிருந்து தொடங்குங்கள். அவருடைய மதமும் கிளர்ச்சியும் அங்கிருந்துதான் புரியும்.

இன்றைய ஜார்க்கண்டிலுள்ள சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தில் முண்டா பழங்குடியினரின் ஊர்முறைக்குக் கூண்ட்கட்டி என்று பெயர். காட்டைத் திருத்தி ஊர் அமைத்த வம்சத்தாருக்கு வயலும் மேடும் காடும் பொது. தனி ஆள் விற்க முடியாது. ஊர்த்தலைவருக்கும் முண்டா என்றே பெயர், பூசாரி பாஹன், பல ஊர்கள் சேர்ந்த பட்டிக்குத் தலைவர் மான்கி. அப்பகுதியை ஆண்ட நாக்வம்சி ராஜாவுக்கு ஊர் சேர்ந்து ஒரு சிறு கப்பம் கட்டும், அவ்வளவுதான். பத்திரம் என்று எதுவும் கிடையாது. முன்னோரின் எலும்புகளைப் புதைத்து மேலே கிடத்தும் பெரிய பலகைக்கல்லான சசன்திரிதான் பட்டா. எந்த வம்சத்தின் கற்கள் கிடக்கின்றனவோ, அவர்களுடையது ஊர்.

இது பறிபோன விதத்தைப் படிப்படியாகச் சொல்லுங்கள். படைவீரருக்கும் புரோகிதருக்கும் கடன்கொடுத்த வணிகருக்கும் பணத்துக்குப் பதிலாக ஊர்க் கப்பத்தை ராஜா எழுதிக்கொடுத்தார். கப்பம் வாங்க வந்த இந்த ஜாகீர்தார் நாளடைவில் ஊரே தன்னுடையது என்றார். கப்பம் குத்தகையாகி, குத்தகை ஏறிக்கொண்டே போனது. பள்ளத்திலிருந்த நல்ல நெல்வயல்களை ‘மஞ்சிஹாஸ்’ என்று சொந்தப் பண்ணையாக்கிக்கொண்டார். அதில் முண்டாக்கள் கூலியில்லாமல் உழுது நட வேண்டும். இதுதான் பேத் பேகாரி. வழக்குப் போட்டால் நீதிமன்றம் காகிதம் கேட்டது. காகிதம் ஜாகீர்தாரிடம் இருந்தது, முண்டாவிடம் கல் இருந்தது. கப்பம் வாங்குபவரை நிலச்சுவான்தார் என்றும், ஊரை உண்டாக்கியவரைக் குத்தகைதாரர் என்றும் சட்டப்படி நிலைநிறுத்தியது பிரிட்டிஷ் ஆட்சியின் நீதிமன்றமும் போலீசும்தான்.

1831–32இல் முண்டாக்கள் உள்ளிட்ட பழங்குடியினரின் கோல் கிளர்ச்சி இதனால் வெடித்தது. 1869இல் ஒரு சட்டம் கொண்டுவந்து பூயின்ஹாரி நிலங்களை, அதாவது ஊரை அமைத்த வம்சத்தாரின் நிலங்களை, அளந்தார்கள். ஆனால் முந்தைய 20 ஆண்டுகளுக்குள் இழந்த நிலத்துக்கு மட்டுமே அதில் பரிகாரம். அதற்கு முன்பே இழந்தவருக்கு ஒன்றுமில்லை. கூண்ட்கட்டி ஊரை ஒரு முழு அலகாகவும் அது ஏற்கவில்லை. சர்தார்கள் எனப்பட்ட முண்டா முன்னோடிகள் பல ஆண்டுகள் பணம் திரட்டி, வக்கீல் வைத்து, மனுமேல் மனுப்போட்டு ஓய்ந்துபோயிருந்தார்கள். பிர்சா வந்தது அந்த இடத்தில்.

1875இல் உலிஹாதுவில் பிறந்து, சாய்பாசாவில் ஜெர்மன் மிஷன் பள்ளியில் படித்து, பின்பு மிஷனை விட்டு விலகியவர். 1895இல் சால்காட் ஊரில் அவர் உபதேசம் செய்யத் தொடங்கினார். ஒரே கடவுள், குடி கூடாது, பேய்களுக்குப் பலி கூடாது. கூடவே, குத்தகை கட்டாதே. சாமியாரா, போராளியா என்று பிரித்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. கேட்டவர்கள் பிரிக்கவில்லை, அரசும் பிரிக்கவில்லை. அந்த ஆகஸ்டிலேயே அவரைப் பிடித்து, இரண்டாண்டுக் கடுங்காவலுக்கு ஹசாரிபாக் சிறைக்கு அனுப்பியது.

போராட்ட நாட்களைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1899 டிசம்பர் 24 இரவில் தேவாலயங்கள்மேல் அம்புகள் பாய்ந்தன. 1900 ஜனவரி 7இல் கூண்டி காவல்நிலையம் தாக்கப்பட்டது. 9ஆம் தேதி சைல் ரகப் குன்றில் கூடியிருந்தவர்களைப் படை சூழ்ந்து சுட்டது. அங்கே பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். பிப்ரவரி 3இல் பிர்சா பிடிபட்டார். ஜூன் 9 அன்று ராஞ்சி சிறையில் இறந்தார். காலரா என்றது அரசு.

சாதனையை அதன் பிறகு நடந்தவற்றில் தேடுங்கள். 1902இல் முழுமையான நில அளவை தொடங்கியது. குத்தகைச் சட்டத்தின் 1903 திருத்தம் முண்டாரி கூண்ட்கட்டியைச் சட்டத்தில் ஏற்றது. 1905இல் கூண்டி தனி உட்கோட்டம் ஆனது, வழக்குக்கு ராஞ்சிவரை நடக்க வேண்டாம் என்றானது. 1908இல் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. இன்றுள்ள வடிவில் அதன் 46ஆவது பிரிவின்படி, பழங்குடி விவசாயி தன் நிலத்தை அதே காவல்நிலைய எல்லைக்குள் வசிக்கும் இன்னொரு பழங்குடியினருக்குத்தான் விற்கலாம், அதுவும் துணை ஆணையரின் (அங்கே மாவட்ட ஆட்சியர்) முன் அனுமதியோடு. போக்கியம் ஏழு ஆண்டுகளைத் தாண்டக்கூடாது.

ஓட்டைகளையும் மறைக்காதீர்கள். வெற்றுத்தாளில் எழுதி வாங்குவது, பழங்குடிப் பெண்ணை மணந்து அவர் பெயரில் வாங்குவது, பொய்வழக்குப் போட்டு ‘சமரசம்’ என்று தீர்ப்பு வாங்குவது எல்லாம் நடந்தன. 1969இல் சேர்த்த 71ஏ பிரிவு, பறிபோன நிலத்தை மீட்க வழி தந்தது. ஆனால் 1969இல் அந்தப் பிரிவு வருவதற்கு முன்பே கட்டடம் எழுந்திருந்தால் நிலத்துக்குப் பதில் இழப்பீடு போதும் என்கிறது. அப்புறம் கட்டடத்துக்குப் பழைய தேதி போடுவதுதானே நடக்கும்? 2016இல் ஜார்க்கண்ட் அரசு இந்தக் குத்தகைச் சட்டத்தைத் தளர்த்த மசோதா நிறைவேற்றியது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. அன்றைய ஆளுநர் திரௌபதி முர்மு 2017இல் அதைத் திருப்பி அனுப்பினார், அரசு கைவிட்டது. நூறாண்டு கழித்தும் காக்கத் தகுந்த சட்டமாக அது நிற்கிறது என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

பேச்சில் இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். இறக்கும்போது பிர்சாவுக்கு வயது 24. பலரும் 25 என்று எழுதுகிறார்கள். சைல் ரகபில் இறந்தவர்களின் எண்ணிக்கையில் அரசுக் கணக்கும் மக்கள் சொல்லும் கணக்கும் வெகுதூரம் விலகுகின்றன, எனவே ஒரே எண்ணை அடித்துச் சொல்ல வேண்டாம். நேரம் மிச்சமிருந்தால் மாகியைப் பற்றிச் சொல்லுங்கள். 1900 ஜனவரியில் அவர் கணவர் கயா முண்டாவைப் பிடிக்க எட்கேடி ஊரில் அவர்கள் வீட்டைப் படை சூழ்ந்தபோது, மாகியும் மகள்களும் மருமகள்களும் தடியும் கோடரியுமாக எதிர்த்து நின்றார்கள்.