மீன் எண்ணெய் இருக்கிறதென்று கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, இதயத்தில் இதுவரை எந்தக் கோளாறும் இல்லை. துபாயிலிருந்து வந்த என் தம்பி ஒரு பெரிய பாட்டில் மீன் எண்ணெய் கேப்சூல் கொடுத்துவிட்டுப் போனான். தினமும் ஒன்று போட்டால் மாரடைப்பே வராது என்கிறான். அதைக் கேட்டு இவர் டாக்டர் எழுதிக் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையை மூன்று வாரமாக நிறுத்திவிட்டார். வீட்டில் வாரம் மூன்று நாள் மீன் உண்டு. மகள் மட்டும் சைவத்துக்கு மாறிவிட்டாள், ஆளிவிதைப் பொடி சாப்பிடுகிறாள். அது அவளுக்குப் போதுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: சகோதரி, மற்றதெல்லாம் அப்புறம். மாத்திரையை நிறுத்தியதை இன்றைக்கே டாக்டரிடம் சொல்லி, அதை மறுபடி தொடங்கச் செய்யுங்கள். சர்க்கரை உள்ள ஐம்பது வயதுக்காரருக்கு அந்த மாத்திரை மாரடைப்பு வாய்ப்பைக் குறைக்கும் என்பது பெரிய பெரிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியான விஷயம். அதன் இடத்தில் மீன் எண்ணெயை வைக்கவே முடியாது.

உங்கள் தம்பி மேல் கோபப்படாதீர்கள், ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பியதைத்தான் அவரும் சொல்கிறார். 1970களின் தொடக்கத்தில் பாங், டையர்பெர்க் என்ற இரண்டு டென்மார்க் ஆய்வாளர்கள் கிரீன்லாந்துக்குப் போய், சீலும் திமிங்கலமும் மீனுமாகச் சாப்பிடும் இனுயிட் மக்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அவ்வளவு கொழுப்பு தின்றும் அவர்களுக்கு மாரடைப்பு குறைவு, காரணம் கடல் கொழுப்பில் இருக்கும் ஒமேகா 3 என்ற எண்ணம் அங்கிருந்துதான் பரவியது. 1999இல் இத்தாலியில் மாரடைப்பு வந்து பிழைத்த 11,000க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வில், தினம் ஒரு கிராம் ஒமேகா 3 எடுத்தவர்களிடம் சாவு குறைந்தது. ஆனால் இன்றைக்குப் போல எல்லா நோயாளிகளுக்கும் கொலஸ்ட்ரால் மாத்திரை கொடுத்த காலம் இல்லை அது.

உங்கள் கணவரைப் போன்றவர்களையே வைத்து ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. பிரிட்டனில் சர்க்கரை உள்ள, ஆனால் இதய நோய் வராத 15,480 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தினம் ஒரு கிராம் மீன் எண்ணெய், மீதிப் பேருக்கு அதே மாதிரி கேப்சூலில் ஆலிவ் எண்ணெய் கொடுத்தார்கள். சராசரியாக ஏழு வருடத்துக்கு மேல் பார்த்துவிட்டு 2018இல் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்பு மீன் எண்ணெய் எடுத்தவர்களில் 8.9 சதவீதம், எடுக்காதவர்களில் 9.2 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. அதே வருடம் வந்த அமெரிக்காவின் வைட்டல் ஆய்விலும், 25,871 பேர், பெரிதாக ஒன்றும் குறையவில்லை. மீன் அதிகம் சாப்பிடாதவர்களிடம் மட்டும் கொஞ்சம் பலன் இருக்கும்போல் தெரிந்தது, அதுவும் உறுதியில்லை. வாரம் மூன்று நாள் மீன் சமைக்கும் வீட்டுக்கு அதுவும் பொருந்தாது.

சண்டை இன்னும் ஓயவில்லை என்பது உண்மைதான். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடுதலாக உள்ளவர்களுக்கு, சுத்திகரித்த இ.பி.ஏ. என்ற ஒமேகா 3 மருந்தைத் தினம் 4 கிராம் கொடுத்த ஒரு ஆய்வில் இதயப் பாதிப்பு 25 சதவீதம் குறைந்தது. ஒப்பிடுவதற்குக் கொடுத்த மினரல் ஆயிலே அந்த மற்ற குழுவின் நிலைமையைக் கெடுத்திருக்கலாம் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். 2020இல் சோள எண்ணெயோடு ஒப்பிட்டு, இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ. என்ற இன்னொரு ஒமேகா 3யும் கலந்த மருந்தை அதே 4 கிராம் கொடுத்துப் பார்த்த இன்னொரு பெரிய ஆய்வில் பலனே இல்லை. இரண்டிலும் ஒன்று மட்டும் பொதுவாக இருந்தது: இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், எடுத்தவர்களிடம் கொஞ்சம் கூடியது. அதனால்தான் 'நல்லதுதானே, நாலாகப் போடு' என்று யாராவது சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தப் பாட்டிலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் 1000 மில்லிகிராம் என்று பெரிதாக இருக்கும், பின்னால் பொடி எழுத்தில் பெரும்பாலும் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று இருக்கும். வேண்டிய சத்து வெறும் 300தான், மீதி மற்ற கொழுப்பு. நாகர்கோவில்காரருக்கு நான் சாளையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பருவத்தைப் பொறுத்து கூடும் குறையும், ஆனாலும் நூறு கிராம் சாளையில் அந்தச் சத்து ஒரு கிராம் அளவுக்கு இருக்கும், கூடவே புரதமும், முள்ளோடு மென்றால் கால்சியமும். எண்ணெயில் மொறுமொறுவென்று பொரிப்பதைக் குறைத்துவிட்டு, புளிமுளமோ குழம்போ வையுங்கள். சாளை கிடைக்காத நாளில் அயிலை.

இப்போது மகள் விஷயம். உடம்பால் தானாகச் செய்துகொள்ள முடியாத கொழுப்பு அமிலங்கள் இரண்டே இரண்டு: லினோலியிக், ஆல்ஃபா லினோலெனிக். இரண்டாவதுதான் செடிகளில் கிடைக்கும் ஒமேகா 3. கொழுப்பே இல்லாத தீனி கொடுத்த எலிகளுக்குத் தோல் செதில் செதிலாகி வளர்ச்சி நின்றதைப் பார்த்து, 1929இல் அமெரிக்காவின் பர் தம்பதி இப்படி ஒரு தேவை இருப்பதையே கண்டுபிடித்தார்கள். முதலாவது நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் தாராளமாக இருக்கிறது. இரண்டாவதுக்கு ஆளிவிதை அருமையான வழி, ஒரு மேசைக்கரண்டிப் பொடியில் ஒன்றரை கிராம் கிடைத்துவிடும், அவளுக்கு ஒரு நாளைக்கு அதுவே போதும். முழு விதையாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும், அதனால் பொடித்தே சாப்பிடட்டும், பொடியை ஃபிரிட்ஜில் வைக்கட்டும். அதிலிருந்து உடம்பு செய்துகொள்ளும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. மிகவும் கொஞ்சம்தான். நாளை அவள் கர்ப்பமாக இருக்கும்போது, டாக்டரிடம் கேட்டுக் கடல்பாசி எண்ணெய் கேப்சூல் எடுக்கலாம், மீனுக்கே அந்தச் சத்து நுண்பாசியிலிருந்துதான் வருகிறது. உண்மையில் சைவத்துக்கு மாறியவளுக்கு ஒமேகா 3ஐ விட வைட்டமின் பி12 பற்றித்தான் நான் கவலைப்படுவேன். பால், தயிரையும் விட்டுவிட்டாளா என்று கேளுங்கள், ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம், சரியா? அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். கணவரின் ட்ரைகிளிசரைடு எவ்வளவு என்று கேளுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏதும் எடுக்கிறாரென்றால் அதையும் சொல்லுங்கள். அதைப் பார்த்து டாக்டர் வேண்டும் என்றால் கணவர் போடட்டும், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.