வெறும் உருளைக்கிழங்கு தின்னே வாழ்ந்தாங்களா?

கே: சார், அந்தக் காலத்துல அயர்லாந்து கிராமத்து ஜனங்க மூணு வேளையும் உருளைக்கிழங்குதான் சாப்பிட்டாங்களாமே, உடம்பு தாங்குமா?

ப: நல்லாவே தாங்குச்சு! கூட மோர் இருந்துச்சே, அதை யாரும் சொல்றதில்ல. 1845க்கு முன்னாடி ஒரு கூலிக்காரர் ஒரு நாளைக்கு அஞ்சு கிலோ கிழங்கு வரைக்கும் சாப்பிடுவார், தோலோட வேகவச்சு ஒரு தட்டக் கூடையில கொட்டித் தண்ணிய வடிச்சு, அந்தக் கூடைய அப்படியே பானை மேல வச்சு குடும்பமே சுத்தி உக்காந்து கையால உரிச்சு உப்புல தொட்டுக்கிட்டு ஒரு மடக்கு மோர், அவ்ளோதான் சாப்பாடு. கிழங்குல வைட்டமின் சி, மோர்ல புரதமும் கால்சியமும். கடலோரமா இருந்தா கொஞ்சம் மீனு, டல்ஸ்னு ஒரு கடல்பாசி. வெண்ணெய், முட்டை, வளர்த்த பன்னி எல்லாம் வித்துதான் வாடகை கட்டணும், அதனால கடைஞ்சு மிஞ்சின மோர்தான் வீட்டுக்கு (வெண்ணெய் எடுத்தவங்க வெண்ணெய் திங்கல, என்ன நியாயமோ).

கஷ்டம் கோடையில வரும், பழைய கிழங்கு தீர்ந்திருக்கும், புதுசு விளைஞ்சிருக்காது, கையில காசு இருந்தா ஓட்ஸ் வாங்கி கஞ்சி. அதவிட ஆபத்து, ஏழைங்க நிறைய பேரு லம்ப்பர்ங்கிற ஒரே ரகத்த நம்பி இருந்ததுதான், கிழங்க வெட்டியே நடுறதால செடி எல்லாம் ஒரே மாதிரி, 1845ல கருகல் நோய் வந்தப்ப எதிர்த்து நிக்க முடியல, அடுத்த வருஷம் விளைச்சல்ல பெரும்பகுதி போச்சு. அடுத்த சில வருஷத்துல சுமார் 10 லட்சம் பேர் செத்தாங்க, இன்னும் அவ்வளவு பேர் கப்பல் ஏறிட்டாங்க. அப்பவும் தானியம் வெளிநாட்டுக்கு ஏத்துமதி ஆகிட்டுதான் இருந்துச்சு, இந்தப் பஞ்சத்த வெறும் கிழங்கு நோய்னு சொல்லி முடிச்சா எனக்கு கோவம் வரும்.

கே: ஈஸ்ட் இல்லாம ஐரிஷ்காரங்க சோடா பிரெட் எப்படி உப்புது?

ப: நம்ம ஆப்ப சோடாதான். மோரோட புளிப்பு பட்டதும் காத்து கிளம்பும், அதனால ரொம்பப் பிசையாம டக்குனு அடுப்புல ஏத்தணும். அங்க விளையிற கோதுமையில பசைத்தன்மை கம்மி, ஈஸ்ட் போட்டா சரியா எழும்பாது, இதுக்குன்னா கச்சிதம். அந்தக் காலத்துல கிராமத்துல ஓவன் ஏது, கனமான இரும்புச் சட்டியில மாவ வச்சு மேல சிலுவை மாதிரி கீறி, மூடி போட்டு மூடி மேலயும் தணல அள்ளி வச்சிருவாங்க.

கே: கார்ன்ட் பீஃப் (உப்புல ஊறவச்ச மாட்டுக்கறி), முட்டைக்கோஸ்தான் அவங்க தேசிய உணவாமே?

ப: அது அமெரிக்கா போன ஐரிஷ்காரங்க பழக்கம் சார். ஊர்ல முட்டைக்கோஸ் கூட வேகுறது உப்புப் போட்ட பன்னிக்கறி.