குடித்துவிட்டு பைக் ஓட்டிப் பிடிபட்டால் 10,000 ரூபாய் கட்டினால் முடிந்ததா? அபராதம் ஏறியும் குடித்துவிட்டு ஓட்டுவது ஏன் குறையவில்லை?

காரைக்குடியில் உங்கள் மச்சான் போலீஸின் மூச்சுக் கருவியில் ஊதிக் காட்டிப் பிடிபட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பணம் கட்டினால் மட்டும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவுப்படி முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். ஹெல்மெட் கேஸ் மாதிரி ரோட்டிலேயே கட்டி முடிக்கிற பட்டியலில் 185 கிடையாது. மாஜிஸ்திரேட் முன்னால் போயே ஆகவேண்டும். லைசென்ஸ் தனியாக ஆர்டிஓவுக்குப் போகும், விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். அதற்குக் கட்டாயம் பதில் கொடுங்கள். பின்னால் உட்கார்ந்து வந்தவர் மீதும் உடந்தை என்று அதே சட்டத்தின் 188-வது பிரிவில் வழக்குப் போட முடியும்.

2019 திருத்தத்துக்கு முன் முதல் அபராதம் 2,000 ரூபாய்தான். ஐந்து மடங்கு ஏற்றியும் பயம் வராததற்குக் காரணம், மாட்டுவது அரிது, மாட்டினாலும் நிரூபிப்பது கடினம்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் குற்றம். வாடை அடித்தது, தள்ளாடினார் என்று எழுதினால் போதாது. ஊதும் கருவியைக் காலம் தவறாமல் சரிபார்த்த சான்று, ஆளுக்கொரு புதுக் குழாய், நேரமும் அளவும் பதிவான அச்சுச் சீட்டு எல்லாம் இருக்க வேண்டும். குடித்த கையோடு ஊதினால் வாயில் தங்கிய ஆல்கஹால் அளவை ஏற்றிக் காட்டும். பதினைந்து நிமிடம் விட்டு ஊதச் சொல்வதே சரி. இதில் ஒன்று குறைந்தாலும் வக்கீல் பிடித்துக்கொள்வார். ஊத மறுத்தாலும் தப்ப முடியாது: சந்தேகத்துக்கு இடமிருந்தால் கைது செய்யலாம், மறுத்ததே கோர்ட்டில் எதிராக நிற்கும்.

கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். புதுவயல் பக்கம் நள்ளிரவில் பிடித்த ஆளை ஜீப்பில் ஏற்றி, காரைக்குடி அரசு மருத்துவமனையில் டாக்டருக்குக் காத்திருந்தால் நேரம் கரைந்துவிடும். ரத்தம் எடுக்கும்போது ஸ்பிரிட் பஞ்சால் (அதுவும் ஆல்கஹால்தான்) துடைத்தால் மாதிரியே சந்தேகத்துக்கு உள்ளாகும். ரத்தம் கெடாமல் காக்கும் சோடியம் ஃபுளோரைடு போட்ட குழாயில் எடுக்காவிட்டால் ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் அளவு மாறிவிடும்.

விபத்து என்றால் இன்னும் சிக்கல். 100 மில்லி ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலை உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் கரைக்கிறது. மோதும்போது 60 இருந்தவருக்கு, முதலுதவி முடித்து மதுரைக்கு ரெஃபர் செய்து அங்கே ரத்தம் எடுப்பதற்குள் 30-க்குக் கீழே வந்துவிடலாம். செத்தவர் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! முதலில் பார்க்கும் மருத்துவமனையிலேயே மாதிரி எடுக்கச் சொல்லிப் போலீஸ் எழுத்தில் கேட்க வேண்டும்.

சோதனை போடும் இடமும் மாற வேண்டும். திருச்சி–இராமேசுவரம் சாலையில் தடுப்பு வைத்தால் ஐந்து நிமிடத்தில் வாட்ஸப்பில் வந்துவிடும். எல்லாரும் கோட்டையூர், பள்ளத்தூர் ஊருக்குள் புகுந்து போய்விடுவார்கள். திருமயம் பக்கம் தாண்டினால் சிவகங்கை போய் புதுக்கோட்டை, மாவட்டமே வேறு. டாஸ்மாக் பத்து மணிக்கு மூடுகிறது. அந்த நேரத்தில் ஊர்ச் சாலைகளில் அரை மணிக்கு ஓர் இடம் என்று மாற்றி மாற்றி நிற்கலாம். மஞ்சுவிரட்டு, திருவிழா நாட்களில் இரண்டு மாவட்டமும் பேசிவைத்து ஒரே நேரத்தில் நின்றால்தான் பலன்.