மெயின் ஜெட் நம்பர் கேட்பதற்கு முன் ஆயில் குழாயைப் பாருங்கள்

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வீட்டில் சும்மா கிடந்த யமஹா ஆர்எக்ஸ் 100 என்ற பழைய டூ ஸ்ட்ரோக் பைக்குக்குப் பட்டன் டயர் போட்டு, ரப்பர் தோட்டத்து மண் பாதைகளில் ஓட்டுகிறார். ஆன்லைனில் ஒருவரிடம் 28 எம்எம் கார்பரேட்டர் வாங்கி மாட்டியிருக்கிறார். ஆக்சிலேட்டரைத் திருகியதும் முதலில் அடைக்கிறது, அப்புறம் சீறிக்கொண்டு போகிறது, நாலைந்து கிலோமீட்டரில் இன்ஜின் கொதிக்கிறது, ஒருமுறை ஏற்றத்தில் அப்படியே பிடித்து நின்றுவிட்டதாம். "மெயின் ஜெட் 110 போடவா, 120 போடவா?" என்பதுதான் கேள்வி. (ஜெட் என்பது கார்பரேட்டருக்குள் பெட்ரோல் போகும் அளவைத் தீர்மானிக்கும், ஓட்டை போட்ட சின்னப் பித்தளைத் துண்டு. நம்பர் கூடினால் ஓட்டை பெரிது.)

தம்பி, இப்போதைக்கு எந்த ஜெட்டும் போட வேண்டாம், வண்டியை ஸ்டார்ட்டும் செய்ய வேண்டாம். பிடித்து நின்ற இன்ஜின் ஆறியபிறகு மறுபடி ஸ்டார்ட் ஆனது என்பதற்காக அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உராய்வு தெரிந்தால் முதலில் போர் வேலை, அதாவது சிலிண்டரைக் குடைந்து சரிசெய்யும் வேலை, கார்பரேட்டர் பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உங்கள் பழைய கார்பரேட்டரை, அந்த 20 எம்எம் மிக்குனி கம்பெனிக் கார்பரேட்டரை, கையில் எடுத்துப் பாருங்கள். அதன் உடம்பில் மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஆயில் பம்பிலிருந்து வரும் சின்ன ஹோஸ் அதில்தான் மாட்டியிருந்தது. புது 28-இல் அந்தக் குழாய் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. அப்படியானால் புது கார்பரேட்டரை மாட்டியவர் அந்த ஹோஸை என்ன செய்தார்? ஒரு ஸ்க்ரூவைச் செருகி அடைத்துவிட்டார் என்றால், உங்கள் இன்ஜின் ஒரு துளி ஆயில் இல்லாமல் வெறும் பெட்ரோலில் ஓடியிருக்கிறது. அந்த நிலையில் 110 போட்டாலும் 120 போட்டாலும் பிஸ்டன் போகும். கேபிளையும் பாருங்கள்: கைப்பிடியிலிருந்து வருகிற ஒரே கேபிள் பிரிந்து ஒன்று கார்பரேட்டருக்கும் ஒன்று பம்புக்கும் போகும். பெரிய கார்பரேட்டரில் ஸ்லைடு (ஆக்சிலேட்டரைத் திருகினால் மேலேறி வழி திறக்கும் துண்டு) ஏறும் தூரம் அதிகம் என்பதால் பம்ப் திறக்கும் கணக்கு மாறிவிடும். அதைத் திரும்ப செட் செய்யாமல் வண்டியைக் கையில் கொடுப்பவர் மெக்கானிக்கே இல்லை.

பம்பையே எடுத்துவிட்டு டேங்கில் ஆயில் கலந்து ஓட்டுபவர்களுக்கு மட்டும் மேலே சொன்ன குழாய்ப் பிரச்சனை கிடையாது. நீங்களும் அப்படிச் செய்யலாம், தப்பில்லை, ஆனால் இதில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். 1 லிட்டர் பெட்ரோலுக்கு 31 மில்லி ஆயில் என்றால் அது 32-க்கு 1, 40 மில்லி என்றால் 25-க்கு 1. அளந்து ஊற்றுங்கள், மூடியில் ஊற்றும் பழக்கம் வேண்டாம். "கொஞ்சம் கூடுதலாக ஊற்று, இன்ஜினுக்கு நல்லது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஜெட் ஓட்டை வழியாகப் போகும் மொத்த அளவு ஏறக்குறைய அதேதான், அதில் ஆயில் கூடினால் பெட்ரோல் குறைகிறது, பெட்ரோல் குறைந்தால் கலவை லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஆகி இன்ஜின் இன்னும் சூடாகும். அதனால் ஒரு விகிதத்தை முடிவு செய்துவிட்டு அதற்கு ஜெட் பாருங்கள், பிறகு விகிதத்தை மாற்றவே மாற்றாதீர்கள். இன்னொன்று, கலந்து ஓட்டும் வண்டியில் பெட்ரோல் போனால்தான் ஆயில் போகும். மலைப் பாதையில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே நீண்ட இறக்கம் இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயில் வராது. நடுநடுவே கிளட்ச் பிடித்து ஒரு திருகு திருகிவிடுங்கள். ஆயில், டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயிலாக இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில் இதற்கு ஆகாது.

அடுத்தது காற்றுக் கசிவு. கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் ரப்பரில் வெடிப்பு, 28-க்குப் பொருந்தாமல் கிளாம்ப் போட்டு இறுக்கிய இடம், மேக்னெட் பக்கத்து ஆயில் சீல், இவற்றில் எங்கே ஓட்டை இருந்தாலும் கூடுதல் காற்று உள்ளே போகும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் சத்தம் உடனே இறங்காமல் மேலேயே நிற்கிறதா? அது கசிவின் அடையாளம். அதை அடைக்காமல் ஜெட் மாற்றுவது காசைக் கரியாக்குவது.

இனி அந்த 28 எம்எம் விஷயம். உங்கள் இன்ஜின் 98 சிசி. போர்ட் வேலை (சிலிண்டரில் காற்று போய்வரும் ஓட்டைகளைப் பெரிதாக்குவது) எதுவும் செய்யாத இன்ஜினுக்கு 28 தேவையே இல்லை, 24 போதும், ஆசை இருந்தால் 26. வாய் பெரிதானால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது காற்றின் வேகம் குறையும், பெட்ரோல் சரியாக இழுக்காது, நீங்கள் சொன்ன அடைப்பில் பாதி அதுதான். விற்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. "ஜப்பான் ஒரிஜினல், கழற்றி எடுத்தது" என்று ரீல்ஸ் போட்டு, இன்ஜின் அலறும் வீடியோவைக் காட்டி விற்கிறார்கள். நிறைய பேரிடம் இருப்பது நகல். அதோடு வரும் ஜெட் செட்டில் 110 என்று பொறித்திருக்கும், உள்ளே ஓட்டை எந்த அளவில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஒரிஜினல் மிக்குனி ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு முத்திரை இருக்கும், அதைத் தேடுங்கள். முத்திரையையும் நகல் செய்கிறார்கள் என்பதால் பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். மிக்குனி நம்பரும், இன்னொரு கம்பெனியான கெய்ஹின் நம்பரும் ஒரே கணக்கு இல்லை என்பதையும் மனதில் வையுங்கள், இதன் 110 அதன் 110 ஆகாது. பெங்களூருக்காரர் சொன்ன நம்பரை அப்படியே இங்கே போடாதீர்கள், அந்த ஊர் சுமார் 900 மீட்டர் உயரம், காற்று லேசு. அங்கே சரியாக இருந்த ஜெட் நம் கடலோர மாவட்டத்தில் சிறிதாகிப்போக வாய்ப்பு அதிகம். கம்பியை விட்டு ஜெட்டைக் குடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்கவே வேண்டாம்.

இவ்வளவும் சரியான பிறகு ஜெட். நல்ல பெரிய மெயின் ஜெட்டில் ஆரம்பியுங்கள். முழு ஆக்சிலேட்டரில் கரகரவென்று தடுமாறி ஓடினால் பெட்ரோல் அதிகம், ஒவ்வொரு சைஸாகக் குறைத்து, சுத்தமாக இழுக்கும் இடத்தில் நில்லுங்கள். சிறிய ஜெட்டிலிருந்து மேலே ஏறினால் தப்பான பக்கத்தில் பிஸ்டனைப் பணயம் வைக்கிறீர்கள். புது பிளக் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத, அனுமதி உள்ள பாதையில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, அப்படியே இன்ஜினை அணைத்து கிளட்ச் பிடித்து நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கான் வெள்ளையாக இருந்தால் ஆபத்து. ஆக்சிலேட்டர் கால் முதல் முக்கால் வரை திறந்திருக்கும்போது பெட்ரோல் அளவு நீடில் (ஸ்லைடில் தொங்கும் ஊசி) கையில்: கிளிப்பைக் கீழ்க்காடிக்கு இறக்கினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். ஆரம்ப அடைப்புக்கு பைலட் ஜெட், ஆக்சிலேட்டர் லேசாகத் திறந்திருக்கும்போது பெட்ரோல் கொடுக்கும் சின்ன ஜெட் அது. ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று திறந்து வைத்துப் பாருங்கள். இரண்டரைச் சுற்றுக்கு மேல் திறந்தால்தான் நன்றாக இருக்கிறது என்றால் சிறிய பைலட், ஒரு சுற்றுக்குள் என்றால் பெரியது.

பெட்ரோலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும், அதனால் பழைய ஜெட்டிலேயே வண்டி லீனாக ஓடும், ஒரு சைஸ் கூட்ட வேண்டிவரலாம். 1985 முதல் 1996 வரை வந்த இந்த வண்டிகளின் சொந்தக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எத்தனால் இல்லாத சாதாரண பெட்ரோலை வழக்கமான விலையில் ஒரு ஓரத்திலாவது வைத்திருக்கலாம், அதுவும் இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் கடல் காற்றில் கேட்கவே வேண்டாம். வாரக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் கார்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

பழைய 20 எம்எம் கார்பரேட்டரை மட்டும் யாருக்கும் விற்றுவிடாதீர்கள். "ஆர்சி புதுப்பிக்க எந்த மாற்றம் இருந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஆர்டிஓ அலுவலக வாசலில் ஒரு புரோக்கர் சொல்வார், பணமும் கேட்பார். வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் கட்டுப்பாடு இருக்கிறது, மாட்டினால் பதில் சொல்வது நீங்கள்தான், புரோக்கர் அன்று போனை எடுக்க மாட்டார். நகல் சாமான் விற்றவரை எந்தச் சட்டமும் தேடி வருவதில்லை, அதுதான் எரிச்சல். பழைய கார்பரேட்டர், பழைய டயர், ஆயில் பம்ப் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள், ஆய்வுக்குப் போகும் முன் திரும்ப மாட்டிக்கொண்டு போங்கள்.