இரண்டு பியர்டட் டிராகன், ஒரே பெட்டி: கேள்வி பதில்

பாளையங்கோட்டையிலிருந்து: அண்ணாச்சி, எங்கிட்ட ஒரு ஆண் பியர்டட் டிராகன் (தாடி ஓணான்) இருக்கு. தனியா கிடக்கேன்னு துணைக்கு இன்னொன்று வாங்கப் போறேன். எப்படிப் பழக்கிவிடுவது?

பழக்கிவிட வழி இல்லை, தம்பி. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் தனித்தனியாக எல்லை பிடித்து வாழ்கிற பிராணி இது. துணை வேண்டும் என்கிற ஏக்கம் அதற்குக் கிடையாது, நமக்குத்தான். இரண்டாவது வேண்டுமென்றால் நாலடி நீளம், இரண்டடி அகலத்தில் இன்னொரு பெட்டி, இன்னொரு செட் விளக்கு. அதற்குக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

தென்காசியிலிருந்து: என் ரெண்டும் ஒன்றுமேல் ஒன்று ஏறிப் படுத்துக்கிடுது. பாசம்தானே?

பாசம் இல்லை, இடப்பிடிப்பு. விளக்கடியில் சூடான இடம் ஒன்றுதான். மேலே கிடப்பது வெப்பத்தையும் புற ஊதாக் கதிரையும் எடுத்துக்கொள்ளும். கீழே கிடப்பதற்கு நிழல்தான் மிச்சம். கதிர் படாவிட்டால் உடம்பில் டி3 வைட்டமின் உருவாகாது, தின்ற கால்சியம் எலும்பில் சேராது. நாளடைவில் தாடை மெத்தென்று ஆகும், கால் வளையும். ஒரு கடி கூடக் கடிக்காமல் ஒன்று மற்றதை உருக்கிவிடும். நான் பயப்படுவது இதற்குத்தான், சண்டைக்கு அல்ல. சண்டை கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. வாரம் ஒருமுறை இரண்டையும் தராசில் வைத்து எடையைக் குறித்துப் பாருங்கள், புரியும்.

ஒரு முன்னங்காலைத் தூக்கி மெல்ல ஆட்டினால் ‘டாட்டா காட்டுது’ என்று வீடியோ எடுக்கிறார்கள். அது ‘அடங்கிட்டேன், விட்டுடு’ என்கிற கும்பிடு. தாடி கறுத்து, தலையை வெடுக்கு வெடுக்கென்று ஆட்டுவது மிரட்டல். நம் வேலி ஓணான் தலையாட்டுவதும் அந்த வகைதான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: ஆணும் பெட்டையும் என்றால் பரவாயில்லையா? ரெண்டும் பெட்டை என்றால்?

இரண்டு ஆண் என்றால் ரத்தம். ஆணும் பெட்டையும் என்றால் ஆண் விடாமல் துரத்தும். ஒரு ஈட்டில் இருபது முட்டை சர்வ சாதாரணம். ஒருமுறை சேர்ந்தாலே அடுத்தடுத்து சில ஈடு வரும். பெட்டையின் கால்சியம் வற்றிப்போகும். இரண்டு பெட்டைகள் சில நாள் ஒத்துப்போவது போலத் தெரியும். நம்பாதீர்கள்.

வள்ளியூரிலிருந்து: கடையில் ஒரே தொட்டியில் பத்துக் குட்டி ஒண்ணாத்தானே கிடக்கு?

அதில் வால் நுனியும் விரலும் முழுசாக இருப்பவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தீர்களா? பசித்த குட்டி அசைகிற எதையும் கவ்வும். அறுந்த வால் பல்லிக்குப் போலத் திரும்ப வளராது.

சங்கரன்கோவிலிலிருந்து: தனிப் பெட்டி வாங்கியாச்சு. ஒரே அறையில் வைக்கலாமா?

முதல் இரண்டு மூன்று மாதம் வேறு அறை. பழையதைக் கவனித்த பிறகு புதியதைத் தொடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடினோவைரஸ் என்கிற தொற்று தாக்கியது வெளியே தெரியாமலே இருக்கலாம். காக்சிடியா என்கிற குடல் ஒட்டுண்ணியும் அப்படித்தான். மலத்தைப் பரிசோதிக்க முடியுமா என்று ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். பிறகு ஒரே அறைக்கு வந்தாலும் கண்ணாடி வழியே ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. நடுவில் ஒரு அட்டை போதும்.

களக்காட்டிலிருந்து: வேலி ஓணானைப் பிடித்துத் துணைக்கு விடலாமா?

வேலியில் போகிற ஓணானை வேட்டியில் விடுகிற வேலை. விடாதீர்கள்.