தூங்குமூஞ்சி மரத்தில் கிடார் செய்யலாமா? வாசகர் கேள்வி – பதில்

(பதில் தருபவர், கோவை கணபதியில் இரும்பு வார்க்கும் பவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன், அதாவது அச்சு எடுக்கும் மர மாதிரி, செய்துகொண்டிருந்து, பிறகு எலக்ட்ரிக் கிடார் செய்ய வந்த தச்சர்.)

கேள்வி: சொந்தமாக ஒரு எலக்ட்ரிக் கிடார் செய்ய ஆசை. பார்க்கிற கிடாரில் எல்லாம் ஃப்ளேம் மேப்பிள், குவில்ட் மேப்பிள் என்று அலையலையாக மின்னும் மரம்தான் இருக்கிறது. அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க எனக்குக் கட்டுபடியாகாது. நம்மூர் மரத்தில் அந்த அழகு வருமா? – கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வரும் அம்மிணி. மேப்பிளின் அழகு வராது, வேறொரு அழகு வரும். அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

மேப்பிளில் அலையாகத் தெரிவது நிறம் கிடையாது. அந்த மரத்தின் நார் நேராக ஓடாமல் நெளிந்து வளர்ந்திருக்கும். அறுத்து இழைக்கும்போது ஓரிடத்தில் நாரின் பக்கவாட்டு மேலே வரும், அடுத்த இடத்தில் நாரின் முனை மேலே வரும். பக்கவாட்டு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், முனை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதனால்தான் பலகையைச் சாய்த்தால் மின்னிய இடம் இருண்டு, இருண்ட இடம் மின்னுகிறது. கிப்சன் கம்பெனி 1952-ல் லெஸ் பால் கிடாரைக் கொண்டுவந்தபோது மேப்பிள் மேல்பலகையைத் தங்க நிறப் பூச்சால் மூடித்தான் விற்றார்கள். 1958-ல் மரம் தெரிகிற சிவப்பு – மஞ்சள் பூச்சுக்கு மாறினார்கள். இன்று உலகமே தேடுவது அந்தப் பூச்சுக்குள் தெரிந்த நெளிவைத்தான்.

நம்மிடம் என்ன இருக்கிறது? முதலில் நான் சொல்வது சில்வர் ஓக். வால்பாறையிலும் நீலகிரியிலும் டீத்தோட்டத்துக்கு நிழலாக வரிசை வரிசையாக நிற்கிறதே, அதேதான். பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கம். நம் மில்களில் இதைப் பிளைவுட்டுக்கு உரிப்பார்கள், இல்லையென்றால் மேலிருந்து கீழாக வரிசையாக அறுத்துத் தள்ளுவார்கள். அப்படி அறுத்தால் இது முகமே இல்லாத பலகை. மில்காரரிடம் நின்று, தடியை நான்காகப் பிளந்து, வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நிற்கிற மாதிரி அறுத்துத் தரச் சொல்லுங்கள். மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்கள் அப்போதுதான் முகத்தில் வெட்டுப்படும். விரல் நகம் அளவில் திட்டுத் திட்டாகப் பலகை முழுக்கப் பூ விழுந்திருக்கும்.

இழைத்த உடனே ஏமாந்துவிடாதீர்கள், அப்போது வெளிறித்தான் தெரியும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பொட்டலத்தில் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்துப் பாருங்கள். ஈரம் படும் கோட்டுக்கு இந்தப் பக்கம் சாம்பல், அந்தப் பக்கம் சிவந்த பழுப்பு. ஒவ்வொரு திட்டும் தனித்தனியாக விளிம்பு கட்டி எழும். எத்தனை பலகை பார்த்தாலும் அந்த நேரத்தில் நான் கையை நிறுத்தி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இழுப்பு இழுப்பேன்.

கிடார் முழுவதும் இந்த மரம் வேண்டாம். ஒரே பலகையை நடுவில் பிளந்து புத்தகம் மாதிரி விரித்து ஒட்டி, ஆறேழு மில்லி கனத்தில் மேல்பலகையாகப் போடுங்கள். அடியில் மகோகனி வைக்கலாம். நம் விவசாயிகள் வரப்போரம் மகோகனி நட்டு வளர்க்கிறார்கள், நியாயமான விலையில் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம்: சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பு உண்டாக்கும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கேள்வி: ரோடு அகலப்படுத்தும்போது சாய்த்த தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு கனமான பலகையை மில்லில் வாங்கி வைத்திருக்கிறேன். உள்ளே சாக்லெட் நிறத்தில் கருவரி ஓடுகிறது. அடுத்த மாதம் கிடார் செய்ய ஆரம்பிக்கலாமா? – பொள்ளாச்சி வாசகர்

பதில்: நல்ல மரம் வாங்கியிருக்கிறீர்கள். அடுத்த மாதம் வேண்டாம்.

அந்த மரங்களைச் சாய்த்தபோது நம் ஊர்க்காரர்கள் எவ்வளவு வருத்தப்பட்டோம். அதெல்லாம் விறகாகவும் பேக்கிங் பெட்டியாகவும் போனதைப் பார்த்தவன் நான். அதில் ஒரு பலகையை நீங்கள் எடுத்து வைத்ததற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஹவாய்த் தீவில் இதே மரத்தை மங்கிபாட் என்று சொல்லிக் கிண்ணமும் மேசையும் செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். இது நமக்கும் அவர்களுக்கும் தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மரம்தான். எடையும் மகோகனியை ஒட்டி இருப்பதால் கிடார் உடம்புக்குப் பொருத்தம். கிளை பிரியும் கவைப் பகுதி உங்கள் பலகையில் இருந்தால் அதை அறுத்து எறிந்துவிடாதீர்கள், மிக அழகான ரேகை அங்கேதான் இருக்கும்.

ஆனால் பச்சை மரத்தில் எடையில் பாதிக்கு மேல்கூட நீர் இருக்கும். கிடாருக்கு அது 8 முதல் 10 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். காற்றில் ஆறவிட்டால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது தச்சர்கள் வைத்திருக்கும் கணக்கு. பலகையின் இரண்டு முனைகளிலும் பெயின்ட்டோ மெழுகோ கட்டியாகப் பூசுங்கள். முனை வழியாக நீர் வேகமாக வெளியேறுவதால்தான் அங்கே வெடிக்கிறது. தரையில் படாமல், ஒரே கனத்தில் சீவிய குச்சிகள் மேல் அடுக்கி, நிழலில் வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் உங்கள் பக்கம் வீசும் வீச்சுக்குத் திறந்த இடத்தில் வைத்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து பிளந்துவிடும், ஒரு பக்கம் தட்டி கட்டிவிடுங்கள்.

காய்ந்ததா என்று தட்டிப் பார்த்தோ முகர்ந்து பார்த்தோ சொல்ல முடியாது. பலகையைத் தராசில் வைத்து எடையைப் பென்சிலால் பலகையிலேயே தேதியோடு எழுதுங்கள். மாதம் ஒருமுறை எழுதிக்கொண்டே வாருங்கள். எடை இறங்குவது நின்றால் உங்கள் ஊர்க் காற்றுக்கு மரம் பழகிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகும் வேலை செய்யும் அறைக்குள் கொண்டுவந்து சில வாரம் வைத்துவிட்டுத்தான் அறுக்க வேண்டும். அவசரம் என்றால், மரத்தைச் சூடேற்றிக் காயவைக்கும் சீசனிங் சேம்பர் வைத்திருக்கும் மில்லில் கொடுங்கள்.

வெளிப்பக்க வெள்ளை மரத்தை நம்பாதீர்கள், உளுத்துப் போகும். வைரப் பகுதியை மட்டும் எடுங்கள். இதன் நார் அடுக்குக்கு அடுக்கு திசை மாறி ஓடுவதால் இழைப்புளி போடும்போது பெயர்த்துக்கொண்டு வரும். உளியை நன்றாகத் தீட்டி, மெல்லிசாகச் சீவி, கடைசிக் கனத்தை உப்புத்தாளில் கொண்டுவாருங்கள்.

கேள்வி: மேல்பலகை மட்டும் ஏன்? கழுத்தையும் நெளிவு மரத்தில் செய்தால் இன்னும் அழகாக இருக்காதா? – திருப்பூர் வாசகர்

பதில்: இருக்கும், கொஞ்ச நாளைக்கு. எலக்ட்ரிக் கிடாரின் ஆறு தந்தியும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுப்பை அந்த ஒல்லியான கழுத்தின் மேல் இரவும் பகலும் போட்டுக்கொண்டே இருக்கின்றன. அதைத் தாங்குவது நேராக ஓடும் நார். நெளிந்த நார் பாதி வழியில் வெளியே வந்துவிடும், அந்த இடத்தில் கழுத்து முறுக்கிக்கொள்ளும். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி – கிப்சன் கம்பெனியின் டாடியஸ் மெக்ஹியூ 1920-களில் கொண்டுவந்த ட்ரஸ் ராடு – வளைவைத்தான் சரிசெய்யும், முறுக்கலைச் சரிசெய்யாது. என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் நான் விட்டுக்கொடுக்காத இடம் இது. கழுத்துக்கு நேர் நார், நன்றாகக் காய்ந்தது, வளையம் செங்குத்தாக நிற்கிறது. அழகு அவ்வளவு அவசியம் என்றால் மூன்று அல்லது ஐந்து பட்டைகளை நார் திசை மாற்றி ஒட்டி, நடுவில் கருமரக் கோடு விடுங்கள். பலமும் கூடும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

கேள்வி: எங்கள் அப்பாரு காலத்து வீட்டைப் பிரித்தபோது ஈட்டி மரச் சட்டங்கள் கிடைத்தன. ஃபிரெட் பலகைக்கு ஆகுமா? தோட்டத்தில் ஓர் ஈட்டி மரமும் நிற்கிறது. – விவசாயி, ஆனைமலை

பதில்: சட்டங்கள் பொக்கிஷம் ஐயா. ஃபிரெட் பலகைக்கு, அதாவது கழுத்தின் மேல் ஒட்டிக் குறுக்குக் கம்பிகள் பதிக்கும் பலகைக்கு, அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம், 70 மில்லி அகலம், எட்டு மில்லி கனம் இருந்தால் போதும். அத்தனை காலம் வீட்டில் நின்று ஆறிய மரம் இனி அவ்வளவாக அசையாது. ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிவிட்டு மில்லுக்குக் கொடுங்கள். ஒட்டுவதற்கு முன் ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடையுங்கள், ஈட்டியின் எண்ணெய்ப் பசை கோந்தைப் பிடிக்க விடாது. தேக்குக்கும் இதே பக்குவம்தான்.

நிற்கிற மரத்தில் கை வைக்காதீர்கள். ஈட்டியைப் பாதுகாக்கவே தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். சொந்தப் பட்டாவில் நின்றாலும் வனத்துறையிடம் எழுத்தில் கேட்காமல் வெட்டக் கூடாது என்றது அந்தச் சட்டம். இப்போதைய விதி என்ன என்று வனத்துறையிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புவதிலும் கட்டுப்பாடு உண்டு. ஈட்டியையும் அதன் உறவு மரங்களையும் 2017-ல், அழிந்துவரும் உயிரினங்களை நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். 2019-ல் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குத் தந்தார்கள், பலகையாக அனுப்புவதற்கு அந்த விலக்கு கிடையாது. பழைய சட்டங்கள் எந்த வீட்டிலிருந்து வந்தவை என்று ஒரு போட்டோவும் எழுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எலக்ட்ரிக் கிடாரில் சத்தம் காந்தத்திலிருந்துதானே வருகிறது? பிறகு மரத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? – எலக்ட்ரிகல் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், சிங்காநல்லூர்

பதில்: நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. தந்திக்குக் கீழே காந்தமும் கம்பிச் சுருளுமாக இருக்கும் பிக்கப் கேட்பது எஃகுத் தந்தியின் அசைவை மட்டுமே. அது பலகைக்குக் காது கொடுப்பதில்லை. தந்தி எப்படி அசைகிறது என்பதில் கழுத்தின் விறைப்புக்கும் இணைப்பின் இறுக்கத்துக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. மேல்பலகையில் ரேகை இருப்பதால் ஒலி இனிக்கும் என்று யாராவது விற்றால் அதற்காக ஒரு ரூபாய் கூடுதலாகத் தராதீர்கள். நான் மரம் பார்ப்பது எடைக்கும், அசையாமல் நிற்பதற்கும், கண்ணுக்கும். நாதஸ்வரம் செய்யும் ஆச்சா மரத்தில் கிடார் உடம்பு கேட்டு வருகிறார்கள். அவ்வளவு கனத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு கச்சேரி முழுக்க நிற்க முடியாது.

நீங்களே பிக்கப் சுற்றிப் பார்க்கலாம், மோட்டார் காயில் கட்டிய கைக்கு அது வரும். ஒரு எச்சரிக்கை. கிடார் புத்தகங்களில் 42 கேஜ் கம்பி என்று இருப்பது அமெரிக்கக் கணக்கு, 0.063 மில்லி. நம் கடையில் 42 கேட்டால் பிரிட்டிஷ் கணக்கில் 0.1 மில்லி கம்பியை எடுத்துக் கொடுப்பார்கள். எட்டாயிரம் சுற்று அதில் ஏறாது. மில்லிக் கணக்கைச் சொல்லி வாங்குங்கள், இல்லையென்றால் 46 கேளுங்கள்.

கேள்வி: பலா மரம்? – அந்தியூர் வாசகர்

பதில்: தாராளமாக. வீணைக்கும் தவிலுக்கும் ஆன மரம். இன்று மஞ்சளாக இருப்பது வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகும், அதை மனதில் வைத்துப் பூச்சைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: என் மகன் படுக்கையறையிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறான். மரத்தூள்தானே, ஒன்றும் ஆகாது என்கிறான். – ஒரு தாய், ஈரோடு

பதில்: ஆகும் அம்மா. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஈட்டி, கருங்காலித் தூளில் பலருக்கு மூச்சிரைப்பும் அரிப்பும் வரும். பூஞ்சை பிடித்துக் கருங்கோடு விழுந்த பலகையை அழகு என்று வாங்கியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வேலையை மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ மாற்றச் சொல்லுங்கள். துணிக் கர்ச்சீப் போதாது, என்95 முகக்கவசம் கட்டாயம். தேய்த்த சட்டையோடு படுக்கக் கூடாது. இதைக் கேட்காவிட்டால் உப்புத்தாளை ஒளித்து வையுங்கள், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃபிரெட் கம்பிகளின் இடைவெளி குறைந்துகொண்டே போகிறதே, அதற்கு வாய்பாடு உண்டா? மாணவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். – கணித ஆசிரியர், தாராபுரம்

பதில்: உண்டு ஐயா, அருமையான கணக்கு. ஒரு ஸ்தாயியில் 12 சமமான படிகள். ஒவ்வொரு படியிலும் தந்தியின் நீளம் 2-இன் பன்னிரண்டாம் மூலத்தால், அதாவது 1.05946 ஆல், வகுபட்டுக் குறைகிறது. பட்டறையில் அதையே மீதியிருக்கும் நீளத்தை 17.817 ஆல் வகுப்பது என்று செய்கிறோம். ஃபெண்டர் கம்பெனி கிடாரின் தந்தி நீளமான 648 மில்லியில் முதல் ஃபிரெட் 36.37 மில்லியில் வரும். மீதி 611.63, அதை வகுத்தால் அடுத்த இடைவெளி 34.33. பன்னிரண்டாவது சரியாகப் பாதியில், 324-ல் விழ வேண்டும். பழைய காலத்தில் 18 ஆல் வகுத்தார்கள். மாணவர்களை அப்படியும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பன்னிரண்டாவது ஃபிரெட் இரண்டு மில்லிக்கு மேல் முன்னாலேயே விழுந்துவிடும். காது அதை ஒத்துக்கொள்ளாது.

குறிக்கும்போது எல்லா அளவையும் நட்டிலிருந்தே, அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் துண்டிலிருந்தே, எடுக்க வேண்டும், ஒரு ஃபிரெட்டிலிருந்து அடுத்ததுக்கு அளந்தால் சிறு பிசகு சேர்ந்துகொண்டே போகும். உங்கள் மாணவர்களில் யாராவது கோவைப் பட்டறை வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இதையும் சொல்லுங்கள்: வீட்டில் கிடக்கும் பேட்டர்ன் ஸ்கேலை எடுத்து அளக்கக் கூடாது. இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதற்காக அந்த ஸ்கேல் நூற்றுக்கு ஒன்று கூடுதலாகவே கோடு போட்டிருக்கும். 648 என்று குறித்தால் ஆறரை மில்லி நீண்டுவிடும். சாதாரண ஸ்டீல் ஸ்கேல் போதும்.